தந்தி முதல் கைப்பேசி வரை: ஆவடிப் பகுதியை முன்வைத்துத் தமிழ் இதழியலின் தொழில்நுட்ப மாற்றம்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடியை அடுத்து அமைந்துள்ள முத்தாபுதுப்பேட்டை, வான்படைத் தளத்தால் பெயர் பெற்ற புறநகர்ப் பகுதியாகும். இன்று அங்கு நிகழும் ஒரு விபத்தையோ மழைநீர்த் தேக்கத்தையோ செய்தியாளர் கைப்பேசியில் தமிழிலேயே தட்டச்சு செய்து சில நொடிகளில் அனுப்பிவிடுகிறார். இவ்வசதி பெரும்பாலும் விரைவு என்ற ஒற்றைச் சொல்லால் மதிப்பிடப்படுகிறது. ஆயின் விரைவு, செய்தி கடந்துவந்த இடைநிலைகளையும் நீக்கியுள்ளது. அவ்விடைநிலைகள் ஆற்றிய பணியையும் அவை மறைந்ததன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தந்திக் காலமும் மொழிபெயர்ப்பு மேசையும்

1955 ஜனவரியில் யு. என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயத்தை நாட்டின் இலக்காக அறிவித்தது. அக்காலத்தில் வெளியூர்ச் செய்திகளை விரைந்து கொண்டு சேர்த்தவை தந்தியும் தொலைபேசியும் தொலையச்சுமே ஆகும். 1949 முதல் இயங்கிவந்த பி.டி.ஐ. செய்தி நிறுவனம் ஆங்கிலத்தில் செய்தி வழங்கியது. ஆகவே, தமிழ் மண்ணில் நடந்த நிகழ்வும் ஆங்கில வடிவில் வந்து மீண்டும் தமிழாவது வழக்கமாயிருந்தது. 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய நாளிதழ் 'தினத்தந்தி' எனப் பெயர் பெற்றதே அக்கருவியின் செல்வாக்கிற்குச் சான்றாகும்.

இம்முறை தமிழுக்கு ஒரு சுமையே. எனினும் அதில் ஒரு பயனும் இருந்தது. செய்தியை மொழிபெயர்த்த துணையாசிரியர் அதன் முதல் வாசகராகவும் விளங்கினார். பொருள் விளங்காத தொடரை மொழிபெயர்க்க இயலாது. எனவே ஐயம் எழுப்புவது அவர் பணியின் பகுதியாயிற்று. அவருக்குப் பின் அச்சுக்கோப்பவரும் மெய்ப்புத் திருத்துபவரும் அச்செய்தியைப் படித்தனர். காலத்தாழ்வு எனக் கருதப்பட்டது சரிபார்ப்புக்கான காலமாகவும் அமைந்தது.

எழுத்துருக்களின் காலம்

கணினி, செய்தியைத் தமிழிலேயே உருவாக்கவும் அனுப்பவும் வழிவகுத்தது. ஆனால் 1990களில் பல இதழ்கள் தத்தமக்கெனத் தனி எழுத்துருவையும் குறியேற்ற முறையையும் கையாண்டன. ஓர் இதழின் இணையப் பக்கத்தைப் படிக்க அதற்குரிய எழுத்துருவை வாசகர் தரவிறக்க வேண்டியிருந்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், அது உடனடியாக நடைமுறைக்கு வரவில்லை. 1999இல் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது.

இம்மாற்றத்தின்போது பழைய கோப்புகள் உரிய முறையில் மாற்றப்படாதவிடத்து, அவை பொருளற்ற குறிகளின் தொகுப்பாகவே இன்று திரையில் தோன்றுகின்றன. நூறாண்டு பழைய அச்சுத்தாளைக் கண்ணால் படிக்கலாம். இருபத்தைந்தாண்டு பழைய இணையச் செய்தியைப் படிக்க அன்றைய எழுத்துருவோ மாற்றியோ தேவைப்படுகிறது.

2015 பெருவெள்ளம்

புதிய முறையின் வலிமையும் குறையும் ஒருங்கே வெளிப்பட்ட நிகழ்வு 2015 டிசம்பர் வெள்ளமாகும். பூந்தமல்லியை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்திறப்பு அன்றைய செய்திகளின் மையமாயிருந்தது. மறைமலை நகரிலுள்ள அச்சகத்திற்குப் பணியாளர்கள் சென்றடைய இயலாமையால், 1878இல் தொடங்கப்பட்ட 'தி இந்து' நாளிதழின் அச்சுப் பதிப்பு டிசம்பர் 2 அன்று சென்னையில் வெளிவரவில்லை. நீர் சூழ்ந்த பகுதிகளின் நிலையும் உதவி எண்களும் கைப்பேசிகள் வழியே பரவின. அச்சு நின்ற நாளிலும் செய்தி நிற்கவில்லை.

அதே வழியே, முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தியும் பரவியது. பண்ணை நிர்வாகம் அதனை மறுக்க நேர்ந்தது. உதவி எண்ணும் வதந்தியும் ஒரே வடிவில், ஒரே திரையில் வந்தன. இரண்டையும் பிரித்தறியும் மேசை இடையில் இல்லை. முன்னர் வெளியீட்டிற்கு முன் நிகழ்ந்த சரிபார்ப்பு, வெளியீட்டிற்குப் பின் நிகழும் மறுப்பாக மாறியது.

ஆவணமும் சட்டமும்

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் 1956இல் செய்தித்தாள்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்படி அச்சிதழ்கள் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நூலகங்களைச் சென்றடைகின்றன. அச்சை அடிப்படையாகக் கொண்ட இவ்வேற்பாட்டிற்கு இணையான பொதுக் காப்பகம் இணையச் செய்திக்கு அமையவில்லை. இணையத்தில் திருத்தப்பட்ட செய்தி தன் முந்தைய வடிவத்தை அழித்துவிடக்கூடும். 2019இல் மாநகராட்சியாக உயர்ந்த ஆவடியின் அண்மைக்கால வரலாற்றை எழுத முற்படும் ஆய்வாளர், 1955 மாநாட்டிற்கு நூலகத்தில் நாளிதழைத் தேடலாம். தெருவளவிலான இன்றைய நிகழ்வுகளுக்கோ நீக்கப்படாமல் எஞ்சியிருக்கும் இணைப்புகளையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது.

முடிவுரை

மின்னணுத் தொழில்நுட்பம் தமிழ்ச் செய்தியை ஆங்கிலத்தின் இடையீட்டிலிருந்து பெருமளவு விடுவித்தது. நகர இதழ்கள் எட்டாத புறநகருக்கும் குரல் அளித்தது. ஆயின் துணையாசிரியரின் மேசை ஆற்றிய சரிபார்ப்பும் தாள் ஆற்றிய பாதுகாப்பும் இயல்பாகவே தொடருமெனக் கொள்ள இயலாது. அவற்றைத் திட்டமிட்டு மீட்டமைத்தல் வேண்டும். திருத்தங்களை நாளுடன் பதிவு செய்தல், பழைய குறியேற்றக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுதல், ஒப்படைப்புச் சட்டத்தை இணைய இதழ்களுக்கும் விரிவாக்குதல் ஆகியன அதற்கான முதற்படிகளாகும்.