விளம்பரத் தடையும் விற்பனையாளர் இலாபமும்

புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்தல் அறமா, அன்றி மக்களின் தெரிவுரிமையைப் பறித்தலா என்னும் வினாவை வெறும் ஒழுக்கப் பிரச்சினையாகக் காண்போர் உளர். ஆனால் ஒரு தடையை யார் கோரினர், யார் இணங்கினர், யார் பயனடைந்தனர் என்று ஆராயாதவிடத்து உண்மை புலப்படாது. ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இவ்வகையில் படிப்பினை மிக்கது.

1964 சனவரி 11 ஆம் திகதி, அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவர் லூதர் டெரி வெளியிட்ட அறிக்கை, சிகரெட் ஆண்களிடையே நுரையீரற் புற்றுநோயை விளைவிக்கிறது என நிறுவியது. எனினும் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட்டின் புகழ்பாடல் ஓயவில்லை. அத்தசாப்தத்தின் இறுதியில் இவ்விளம்பரங்களால் ஒலி, ஒளிபரப்பு நிலையங்கள் பெற்ற வருமானம் ஆண்டுக்கு 20 கோடி டொலரைத் தாண்டியிருந்தது.

ஜோன் பான்சாஃப் என்னும் இளம் சட்டத்தரணி செய்த முறைப்பாட்டின் பேரில், 1967 ஜூனில் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு ஒரு தீர்ப்பை வழங்கியது. சிகரெட் விளம்பரத்தை ஒலிபரப்பும் நிலையம், புகைத்தலின் தீங்கை எடுத்துரைப்பதற்கும் கணிசமான நேரத்தை ஒதுக்குதல் வேண்டும் என்பதே அது. பணமில்லாதோரின் குரலும் முதன்முறையாக வீடுதோறும் ஒலித்தது. 1967 முதல் 1970 வரை தலா சிகரெட் நுகர்வு ஆண்டுதோறும் வீழ்ந்தது.

இந்நிலையில் 1969 ஜூலையில் கம்பனிகளே செனற் சபைக் குழுவின் முன் தோன்றி, ஒளிபரப்பு விளம்பரத்தைக் கைவிட இணங்கின. தனியுரிமைத் தடைச் சட்டத்தினின்று தமக்கு விலக்களித்தல் வேண்டும் என்பதே அவர்களின் நிபந்தனை. எதிர்த்தவர்கள் நிலைய உரிமையாளரே. 1970 ஏப்ரல் 1 இல் ஜனாதிபதி நிக்சன் சட்டத்திற் கையொப்பமிட்டார். 1971 சனவரி 2 இல் அது நடைமுறைக்கு வந்தது. புத்தாண்டு நாளின் உதைபந்தாட்டப் போட்டிகளில் இறுதியாக ஒருமுறை விளம்பரம் செய்ய இடமளித்தற்கே அவ்வொரு நாள் தாமதம்!

இணக்கத்தின் பொருளாதாரம் எளிது. போட்டியில் ஒரு கம்பனி மட்டும் விளம்பரத்தை நிறுத்தின், அதன் சந்தையை மற்றவை கவரும்; சட்டம் அனைவரையும் ஒருங்கே நிறுத்தின், அனைவர்க்கும் செலவு மீதம். புதிய போட்டியாளனுக்கோ வாயில் அடைபட்டது. சிகரெட் விளம்பரம் மறைந்ததும் எதிர்ப் பிரசாரத்தை ஒலிபரப்பும் கடப்பாடு தளர்ந்து, அதுவும் பெரும்பாலும் மறைந்தது. மீந்த பணம் பத்திரிகைகளுக்கும், 1971 இலேயே வின்ஸ்ரன் கிண்ண மோட்டார் ஓட்டப் போட்டிக்கும் பாய்ந்தது. நுகர்வு மீண்டும் உயர்ந்தது. அவ்வுயர்வுக்குப் பிற காரணங்களும் இருத்தல் கூடும். ஆயினும் தடை அதனைத் தடுக்கவில்லை என்பது தெளிவு.

இதனாற் தடையே தவறு என முடிவு செய்தல் பேதைமை. அடிமைப்படுத்தும் பொருளைச் சிறுவர்க்குக் கவர்ச்சியாகக் காட்டுதல் கருத்துச் சுதந்திரமாகாது. அது பணப்பையின் சுதந்திரமே. குறைபாடு தடையில் அன்று, அதன் அரைகுறைத் தன்மையில் உள்ளது. 1973 இல் சட்டமியற்றி 1975 இல் நடைமுறைப்படுத்திய நோர்வே, ஓர் ஊடகத்தோடு நில்லாது புகையிலை விளம்பரம் முழுவதையும் விலக்கியது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கையும் அவ்வழியிற் சென்றது.

ஆயினும் வணிகனின் வாயை அடைப்பது பாதிப் பணியே. மக்களின் நலம் பேசும் குரலுக்குப் பொதுநிதியும் பொது ஊடகமும் உறுதிசெய்யப்படும்போதே அப்பணி முழுமை பெறும்.