நாகைப் புத்தர் படிமங்கள்

கடாரம் என்றதும் நம் மாணவர்க்கு இராசேந்திர சோழனின் படையெடுப்பே நினைவுக்கு வரும். கி.பி. 1025-இல் நிகழ்ந்த அப்போருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன்னரே கடாரத்துக்கும் சோழநாட்டுக்கும் இடையே நட்புறவு நிலவியது. அதன் சின்னமாக நாகப்பட்டினத்தில் எழுந்ததே சூடாமணி விகாரம். கெடாவே கடாரம் என்பது அறிஞர் துணிபு. அதன் மன்னன் சூளாமணிவர்மன் தொடங்கிய அவ்விகாரத்தை அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் முடித்தான். முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். ஹாலந்து நாட்டு லெய்டன் நகருக்குச் சென்றமையால் லெய்டன் செப்பேடு எனப் பெயர் பெற்ற ஆவணம் இதனைக் கூறுகிறது.

நாகையில் எஞ்சி நின்ற பழைய பௌத்த கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. எனினும், 1856 முதல் 1930-களின் இடைப்பகுதி வரை அவ்வூர் மண்ணுக்குள்ளிருந்து ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. அவற்றுட் பல சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன.

இவற்றைப் பித்தளைச் சிலைகள் எனப் பொதுவாகக் கூறுவாருளர். செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். நாகைப் படிமங்கள் மெழுகில் உருச்செய்து வார்த்த வெண்கலத் திருமேனிகள்.

அவற்றின் ஒவ்வோர் உறுப்பும் பொருளுடையது. உச்சிமுடிப்பின்மேல் எழும் சுடர் மெய்யறிவைக் குறிக்கும். நீண்டு தொங்கும் வெறுஞ்செவி, அரசகுமரன் துறந்த அணிகலன்களை நினைவூட்டும். உயர்த்திய வலக்கை அஞ்சேல் என்னும். நிலத்தைத் தொடும் கையோ, மாரனை வென்ற வேளையில் நிலமகளைச் சான்றாக அழைத்ததைக் காட்டும். சேற்றில் முளைத்தும் சேறு படியாத தாமரையே பீடம்.

பீடத்தின் எழுத்துகள் இன்னும் அரியன. நாகைப் படிமமொன்று நியூயார்க் நகரில், ராக்பெல்லர் திரட்டில் உள்ளது. அது திருவிழாவில் உலாப்போகச் செய்யப்பட்டதென்றும், இராசேந்திர சோழன் பெயரால் அமைந்த அக்கசாலைப் பெரும்பள்ளிக்கு உரியதென்றும் அதன் பீடத்துத் தமிழெழுத்து தெரிவிக்கிறது. அக்கசாலையர் என்போர் பொற்கொல்லர். சோழநாட்டுக் கைவினைஞர் புத்தரை வழிபட்டு விழாவெடுத்த செய்தி, விரல் அகலமே உள்ள அவ்வரிகளால் அன்றோ நமக்குக் கிட்டியது?

இனிப் பேணும் முறையை நோக்குவோம். குடத்தையும் குத்துவிளக்கையும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவது நம் வழக்கம். நாள்தோறும் புழங்கும் கலங்களுக்கு அது தகும். பழம் படிமங்களுக்குத் தகாது. புளியின் அமிலம் உலோகத்தை அரிக்கும். சாம்பலும் மணலும் தேய்க்கும். ஆண்டுகள் செல்லச்செல்லச் சுடரின் நுனியும் விழியின் கோடும் மழுங்கும். இறுதியில் எழுத்தும் மறையும். மேனியில் படர்ந்த வழுவழுப்பான கரும்பச்சைப் படலம் அழுக்கன்று. பெரும்பாலும் உலோகத்துக்குக் காப்பாகவே அமைவது. உலர்ந்த மென்துணியாலோ மென்மயிர்த் தூரிகையாலோ தூசியைத் துடைத்தால் போதும். எடுக்கும்போது கையையோ சுடரையோ பற்றாது, பீடத்தை இரு கைகளாலும் தாங்குக.

தொட்டால் பொடியாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் தோன்றினால் அது நோய். மண்ணிலும் கடற்காற்றிலும் உள்ள உப்பின் கூறு உட்புகுந்து, ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்னும். நம் நாட்டு மழையும் புழுக்கமும் அதற்கு ஏற்ற துணை. அத்தகைய படிமத்தைத் தனியே உலர்ந்த இடத்தில் வைத்து, அருங்காட்சியகத்தாரை அணுகுதலே முறை. சென்னை அருங்காட்சியகத்தில் 1930-இல் அமைந்த வேதியியற் கூடத்தில், மின்பகுப்பு முறையால் இத்தகைய வெண்கலங்களுக்கு மருத்துவம் செய்யப்பட்டது.

பளபளப்பு சில நாளில் மங்கும், மீண்டும் துலக்கிக்கொள்ளலாம். தேய்ந்த எழுத்தை மீண்டும் பெறுவதெங்ஙனம்? கடாரத்தையும் நாகையையும் இணைத்த வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், இவ்வொரு செய்தியையும் மாணவர்க்குச் சேர்த்துச் சொல்வாராக.