சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் பாராதைராய்டு சுரப்பிப் பாதிப்புகள்

பாராதைராய்டு சுரப்பிகள் கழுத்தின் முன்பகுதியில், தைராய்டு சுரப்பியின் பின்புறம் ஒட்டி அமைந்துள்ளன. பெரும்பாலானோருக்கு இவை நான்கு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரிசிமணி அளவே இருக்கும். இவை சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோன் (பி.டி.எச்.) இரத்தத்தில் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தின் அளவைச் சீராக வைத்திருக்கிறது. புதிய சிறுநீரகம் நன்கு இயங்கி, கிரியேட்டினின் அளவு சரியாக இருந்தாலும் இச்சுரப்பிகளின் பாதிப்பு தொடரக்கூடும்.

பாதிப்பு ஏன் ஏற்படுகிறது?

சிறுநீரகம் செயலிழக்கும்போது உடலில் பாஸ்பரஸ் தேங்குகிறது, வைட்டமின் டி செயலூக்கம் பெறுவதில்லை, கால்சியம் குறைகிறது. இதை ஈடுகட்டப் பாராதைராய்டு சுரப்பிகள் கூடுதலாகச் சுரந்து, நாளடைவில் பெரிதாகின்றன. டயாலிசிஸ் செய்துகொண்ட காலம் நீளும்போது இந்த வீக்கமும் மிகுகிறது.

மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின், பலருக்கு முதல் 3 முதல் 6 மாதங்களில் ஹார்மோன் அளவு விரைந்து குறையும்; அதன்பின் மெதுவாகக் குறையும். ஆனால் மிகவும் பெரிதாகிவிட்ட சுரப்பிகள், தேவை இல்லாதபோதும் தொடர்ந்து சுரக்கும். இதனால் இரத்தத்தில் கால்சியம் உயர்ந்து, பாஸ்பரஸ் குறைகிறது. சிலருக்கு ஓராண்டு கடந்தும் இந்நிலை நீடிக்கிறது.

நீண்டகால விளைவுகள்

• எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறி, எலும்பு முறிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். ஸ்டீராய்டு மாத்திரைகளும் எலும்பைப் பலவீனப்படுத்துவதால் கூடுதல் கவனம் தேவை.
• மாற்றுச் சிறுநீரகத்தில் கல் உண்டாகலாம். கால்சியம் படிந்து அதன் செயல்திறன் குறையலாம்.
• இரத்தக் குழாய்ச் சுவர்களில் கால்சியம் படியலாம்.

அறிகுறிகள்

பலருக்கு எந்த அறிகுறியும் இராது. சிலருக்குச் சோர்வு, மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மலச்சிக்கல், பசியின்மை, எலும்பு வலி, தசைத் தளர்ச்சி ஆகியவை தோன்றலாம். எனவே இரத்தப் பரிசோதனையே நம்பத்தக்க வழியாகும்.

பரிசோதனைகள்

கால்சியத்தின் இயல்பான அளவு பொதுவாக ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மி.கி. வரை, ஆய்வகத்திற்கேற்ப இது சற்று மாறுபடும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தொடக்க வாரங்களில், அளவு சீராகும் வரை வாரந்தோறும் கால்சியமும் பாஸ்பரஸும் பரிசோதிக்கப்பட வேண்டும். பின்னர் சிறுநீரகம் நன்கு இயங்கினால் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை போதுமானது. பி.டி.எச்., வைட்டமின் டி, எலும்பு அடர்த்திப் பரிசோதனைகளை மருத்துவர் தேவைக்கேற்பப் பரிந்துரைப்பார்.

சிகிச்சை முறைகள்

வைட்டமின் டி குறைபாடு இருப்பின் மருத்துவக் கண்காணிப்பில் அது சரிசெய்யப்படும். கால்சியம் உயர்ந்திருந்தால் சினகால்செட் மாத்திரை அளிக்கப்படலாம். நிறுத்தினால் கால்சியம் மீண்டும் உயரக்கூடும்.

கால்சியம் தொடர்ந்து உயர்ந்திருந்தால், சுரப்பிகளின் பெரும்பகுதியை அகற்றும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும். சுரப்பிகள் தாமாகவே சீராக வாய்ப்பளித்து, பொதுவாக ஓராண்டு வரை காத்திருப்பர். கால்சியம் மிக உயர்ந்தால் முன்னரே செய்யப்படும். 2016-ஆம் ஆண்டு வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்றில் 30 பேர் பங்கேற்றனர். 12 மாத முடிவில், அறுவை சிகிச்சை பெற்ற 15 பேருக்கும், சினகால்செட் பெற்ற 15 பேரில் 10 பேருக்கும் கால்சியம் இயல்பு நிலைக்கு வந்தது.

இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் கால்சியம் திடீரெனக் குறையலாம். உதடு, விரல் நுனிகளில் மரமரப்போ தசைப்பிடிப்போ ஏற்பட்டால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கவனிக்க வேண்டியவை

• எலும்பு வலிக்கென மருந்துக்கடையில் கால்சியம் அல்லது வைட்டமின் டி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்ள வேண்டாம்.
• டயாலிசிஸ் காலத்தில் உட்கொண்ட பாஸ்பரஸ் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர வேண்டுமா என மருத்துவரிடம் கேட்கவும்.
• டயாலிசிஸின்போது பாஸ்பரஸ் காரணமாக முட்டை, பால், பருப்பு கட்டுப்படுத்தப்பட்டிருக்கலாம். இப்போது அக்கட்டுப்பாடு தேவைப்படாமல் போகலாம். உணவியல் வல்லுநரின் ஆலோசனை பெற்று உண்ணவும். முட்டையை நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.
• உடலில் நீர் வற்றினால் கால்சியம் மேலும் உயரும். நாமக்கல், சேலம் பகுதிகளின் கோடை வெயிலில் லாரி ஓட்டுவோரும் ரிக் வண்டிகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் பணிபுரிவோரும் மருத்துவர் கூறிய அளவு நீரைத் தவறாமல் அருந்த வேண்டும்.
• இரத்த அழுத்தத்திற்கான தையசைடு வகை மாத்திரைகள் கால்சியத்தை உயர்த்தக்கூடும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டவும். எதையும் தாமாக நிறுத்த வேண்டாம்.

எப்போது உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்?

தொடர் வாந்தி, மனக்குழப்பம், மிகுந்த தூக்கக் கலக்கம், சிறுநீர் அளவு குறைதல் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.

எங்கு அணுகலாம்?

மாற்று அறுவை சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் தொடர் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். நாமக்கல் மாவட்டத்தினர் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவர்கள், தமக்குரிய பயன்களை மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேட்டறியலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கவும்.