பீரங்கி வரிசையும் கூண்டு வரிசையும்: புள்ளலூருக்கு வந்த நாலு முட்டைக் கோழிகள்

இந்த எபிசோட் ஒரு மினி வேன்ல ஆரம்பிக்குது.

காஞ்சிபுரம் பக்கத்து ஊர்க்காரங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பீக்கர் கட்டிய வண்டி ஒன்று "முட்டைக் கோழி, முட்டைக் கோழி" என்று கூவிக்கொண்டே வரும். புள்ளலூரில் இருக்கும் என் பெரியம்மா போன வருஷம் அதில் நாலு கோழி வாங்கினார். குழம்புக்குத்தான். வீட்டுக்கு வந்து சாக்கை அவிழ்த்தால், உள்ளே ஒரு முட்டை. உடனே எனக்கு ஃபோன். "முட்டை வச்சதை எப்புடிடா கண்ணு அறுக்கிறது? இதுங்க எங்கேருந்து வருதுங்க?"

ரெண்டாவது கேள்விக்கு பதில் தேடப் போனதுதான் இந்தக் கதை.

புள்ளலூர் என்றாலே போர்தான். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை இங்கேதான் நொறுக்கினார்கள். வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கு அந்தக் காலத்துப் பெயர் 'பேட்டரி'. 'அடிப்பது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மின்சாரத்தைத் தேக்கும் கண்ணாடி ஜாடிகளை வரிசையாக இணைத்தபோது, பெஞ்சமின் பிராங்க்ளின் அதற்கும் அதே பெயரை வைத்தார். நம்ம போன் பேட்டரி அந்த வழியில் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் கோழிகளைக் கம்பிக் கூண்டுகளில் வரிசை வரிசையாக அடுக்கியபோது, அதுவும் பேட்டரி ஆனது.

அதுவரை ஏன் அடைக்கவில்லை? கருணையால் இல்லை. வெயில் படாமல் வளர்த்தால் கோழிக்குக் கால் வளையும், முட்டை ஓடு மெலியும். 1920களில் வைட்டமின் டி என்னவென்று புரிந்தது. அதைத் தீவனத்திலேயே கலந்துவிட்டால், கோழிக்குச் சூரியன் தேவையில்லை. ஒரு ஊட்டச்சத்துக் கண்டுபிடிப்புதான் கோழியை நிரந்தரமாகக் கொட்டகைக்குள் அனுப்பியது.

1964ல் ரூத் ஹாரிசன் 'அனிமல் மெஷின்ஸ்' என்ற புத்தகத்தில் இதைப் போட்டுடைத்தார். பிரிட்டனில் பெரிய அதிர்ச்சி. அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965ல் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம்: ஒரு பிராணி எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன்னைக் கோதிக்கொள்ள, கை கால் நீட்ட இடம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய வகைக் கூண்டு தடையாக 2012 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2005ல் ஜேன் ஹோவர்த் பிரிட்டனில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். பண்ணை கழித்துவிடும் கோழிகளை வாங்கி, வீடுகளுக்குத் தத்துக் கொடுப்பதுதான் வேலை. லட்சக்கணக்கான கோழிகள் அப்படி வீடு சேர்ந்திருக்கின்றன.

இப்போ நம்ம ஊர். விலையை வியாபாரிகளே முடிவு செய்துகொண்டிருந்த காலத்தில், டாக்டர் பி.வி. ராவ் முன்னின்று பண்ணைக்காரர்களைத் திரட்டினார். 1982ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. செய்தியில் வரும் 'நாமக்கல் முட்டை விலை' அவர்கள் சொல்வதுதான். கூண்டுகளில் இருப்பது பெரும்பாலும் பிவி 300 மாதிரியான வெள்ளைக் கலப்பினம். வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல். காட்டுக்கோழி இடுவதோ பத்துப் பதினைந்துதான். ஒன்றரை வயது தாண்டி முட்டை குறைந்ததும் கறிக்கு. அதுதான் அந்த மினி வேன்.

சட்டம் இல்லையா? இருக்கு. 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நியாயமாக அசைய முடியாத கூண்டில் பிராணியை அடைப்பது குற்றம் என்கிறது. 2017ல் சட்ட ஆணையத்தின் 269ஆவது அறிக்கை கோழிகளின் நிலையைத் தனியாகவே ஆராய்ந்தது. 2023ல் வந்த விதிகள் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் என்கின்றன. ஒரு ஏ4 தாள் 624. கணக்கு நீங்களே போட்டுக்குங்க.

ஆனா இதைப் பேசும்போது எனக்கு ஒரு சங்கடம். பெரியம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தவர். 2010ல் தமிழ்நாட்டு சத்துணவில் வாரம் ஐந்து முட்டை வந்தது. காலையில் அண்டா நிறைய முட்டை அவித்து உரித்தவர் அவர். வீட்டில் வேறு புரதமே கிடைக்காத பிள்ளைகளுக்கு அந்த முட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கேன். அத்தனை முட்டை அந்த விலைக்குக் கிடைத்ததில் கூண்டுக்கும் பங்கு உண்டு. இதில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரலை.

சரி, நாலு கோழி என்ன ஆச்சு?

முதல் நாள் சாக்கைவிட்டு நகரவே இல்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்கத் தெரியவில்லை; பண்ணையில் குழாய் நிப்பிளைக் கொத்தித்தான் பழக்கம். பெரியம்மா ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டுக் காட்டினார். அலகு நுனி வெட்டப்பட்டிருந்ததால் தரையில் இறைத்த அரிசியைப் பொறுக்க முடியவில்லை. ஆழமான சட்டியில் தீவனம் வைத்ததும் தின்றன. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமே என்று கிளிஞ்சல் தூள் கலந்தோம். வெள்ளைக்கழிச்சல் பயத்தில் மூணு வாரம் நாட்டுக்கோழிகளோடு சேர்க்கவில்லை. சாயங்காலம் கூட்டுக்குப் போகத் தெரியாமல் இருட்டில் நின்ற இடத்திலேயே நிற்கும். தினமும் தூக்கித்தான் அடைக்கணும்.

நாலாவது நாள் ஒன்று வேப்ப மரத்தடிப் புழுதியில் குழி பறித்து, சிறகை விரித்து மண்குளியல் போட்டது. கம்பி மேலேயே வாழ்ந்த கோழிக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. பெரியம்மா வீடியோ கால் போட்டுக் காட்டினார்.

இரண்டாவது மாதம் ஒன்று செத்துப்போனது. கடைசி வாரம் ஓடே இல்லாத தோல் முட்டைகளாக இட்டது. அந்த உடம்பு அதுக்குள்ளேயே தேய்ந்துபோயிருந்தது. நீங்க யாராவது தத்தெடுக்க நினைச்சா இதையும் தெரிஞ்சுக்கிட்டே எடுங்க. பாதி நாள் வைத்தியம்தான்.

மீதி மூணும் இருக்கு. வாரத்துக்கு ஏழெட்டு முட்டை வருதாம். போன வாரம் போனபோது எனக்கு ரெண்டு அவித்துக் கொடுத்தார். "குழம்புக்கு வாங்கினதுதானே பெரியம்மா?" என்றேன். "கறி கடையில கிடைக்குதுடா, நீ சாப்பிடு" என்றார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.