அண்ணன் தம்பி கதைகளும் 1659-இன் கொலையும்

முகலாயப் பேரரசர் ஷாஜகானின் மகன்களான தாரா ஷுகோ, ஔரங்கசீப் என்ற இரு உடன்பிறப்புகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்ற தோரணையில்தான் பெரும்பாலோர் தீர்ப்புச் சொல்கிறார்கள். உபநிடதங்களை 1657-இல் பாரசீகத்தில் தந்த அண்ணன் பிறவி ஞானி, தம்பி பிறவிக் கல்நெஞ்சர் என்பது ஒரு கட்சி. அண்ணன் செருக்கர், தம்பி சிறுவயதிலேயே தீரர் என்பது எதிர்க்கட்சி. இந்தச் சண்டை சாலைப் பெயர்கள்வரை வந்திருக்கிறது: தில்லியின் ஔரங்கசீப் சாலை 2015-இல் அப்துல் கலாம் சாலையானது. 2017-இல் டல்ஹௌசி சாலைக்குத் தாரா ஷுகோவின் பெயர் வந்தது. இரு கட்சியும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. அண்ணனைக் கொல்ல நாற்பது வயதில் ஒருவர் எடுத்த முடிவின் பொறுப்பை அவருடைய பதினான்கு வயதின்மீது ஏற்றிவிடுகின்றன.

அந்தப் பதினான்கு வயதுக் கதையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1633 மே மாதம், ஆக்ராவில் யமுனைக் கரை. சுதாகர், சூரத் சுந்தர் என்ற இரு யானைகளைப் பொருதவிட்டு ஷாஜகான் பார்த்துக்கொண்டிருந்தார். சுதாகர் திடீரெனத் திரும்பி, குதிரைமேல் நின்ற ஔரங்கசீப்பை நோக்கிப் பாய்ந்தது. சிறுவன் விலகவில்லை, ஈட்டியை அதன் நெற்றியில் எறிந்தான். குதிரை சாய்ந்தபோதும் கீழே குதித்து எதிர்த்து நின்றான். அண்ணன் ஷுஜாவும் ராஜா ஜெய்சிங்கும் உதவிக்கு விரைந்தார்கள். இவ்வளவும் நடந்ததே; அரசவை வரலாறான பாதுஷாநாமாவில் பதிவாகியிருக்கிறது. ஆனால் தந்தை கடிந்தபோது, நான் செத்திருந்தால் இழிவில்லை, என் சகோதரர்கள் நடந்துகொண்ட விதமே இழிவு என்ற பொருளில் அவன் விடை சொன்னதாக வரும் பகுதி வேறொரு நூலைச் சேர்ந்தது. ஔரங்கசீப்பின் மறைவுக்குப் பின் தொகுக்கப்பட்ட அஹ்காம்-இ-ஆலம்கீரி அது. தாரா அப்போது தொலைவில் நின்றார், நினைத்திருந்தாலும் உடனே வந்துசேர்ந்திருக்க முடியாது என்று வரலாற்றாசிரியர் யதுநாத் சர்க்காரே எழுதுகிறார். அவர் தாராவின் பக்தர் அல்லர்.

அதே தொகுப்பில் இன்னொரு கதை. தாரா தன் புது மாளிகையின் நிலவறையைத் தந்தைக்கும் தம்பியருக்கும் காட்டுகிறார். ஔரங்கசீப் உள்ளே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறார். ஒரே கதவுள்ள அறை, அதை அடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற அச்சமாம். தாராவின் கொலை நடந்து முடிந்தபின் சொல்லப்படும் இத்தகைய கதை, கொலையைத் தற்காப்பாக மாற்றிக் காட்டுகிறது. வென்றவரின் பக்கம் எழும் பால்ய கதைகளுக்கு இந்த வேலை ஒன்று உண்டு. அதனால்தான் அவற்றைச் சான்றாகக் கொள்ளுமுன் பிறந்த காலத்தைக் கேட்க வேண்டும்.

யாரும் குழந்தைகளுக்குச் சொல்லாத பால்ய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஜகாங்கீரை எதிர்த்துக் கலகம் செய்து தோற்ற ஷாஜகான், 1626-இல் தாராவையும் ஔரங்கசீப்பையும் பிணையாகத் தாத்தாவின் அவைக்கு அனுப்பினார். ஒருவருக்குப் பதினொன்று, மற்றவருக்கு ஏழு. 1628 சனவரியில் ஷாஜகானின் ஆணைப்படி அவருடைய தம்பி ஷஹ்ரியாரும் வேறு நான்கு இளவரசர்களும் லாகூரில் கொல்லப்பட்டார்கள்; சில வாரங்களில் பிள்ளைகள் இருவரும் தந்தையிடம் வந்துசேர்ந்தார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே பிணைவாசம், ஒரே இரத்தக்கறை. குழந்தைப் பருவமே மனிதரை ஆக்கியது என்றால் இருவரும் ஏன் வேறுவேறாக வளர்ந்தார்கள் என்பதற்கு விடையில்லை.

அரியணைக்காக உடன்பிறந்தாரைக் கொல்வது முகலாய வழக்கம், யார் வென்றிருந்தாலும் மற்றவர் தலை உருண்டிருக்கும் என்பது இன்னொரு சமாதானம். இதில் பாதி உண்மை. மூத்தவனுக்கே முடி என்ற விதி அங்கே இல்லை. ஆனால் ஹுமாயூன் தம்பி கம்ரானின் கண்களைப் பறித்தாரே தவிர, பிரபுக்கள் வற்புறுத்தியும் உயிரைப் பறிக்கவில்லை. படையெடுத்து வந்து தோற்ற தம்பி மிர்ஸா ஹக்கீமை அக்பர் 1581-இல் மன்னித்தார். கொடுமையின் அளவைத் தேர்ந்துகொள்ள இடம் இருந்தது. ஔரங்கசீப்புக்கும் இருந்தது. அரியணைப் போட்டியில் 1658-இல் தாராவைச் சாமுகர் போரில் வென்ற சில நாட்களில் அக்கா ஜகானாரா அவருடைய பாசறைக்கு நேரில் போனார். பேரரசைப் பிரித்துக்கொள்ளுங்கள், பஞ்சாப் தாராவுக்கு, குஜராத் முராதுக்கு, வங்கம் ஷுஜாவுக்கு, எஞ்சிய பெரும்பகுதியும் பட்டமும் உனக்கு என்று தந்தையின் திட்டத்தைச் சொன்னார். ஔரங்கசீப் மறுத்தார். பொறுப்பு தொடங்கும் இடம் அந்தப் பாசறைதான் என்பது என் வாதம். 1659 ஆகஸ்டில் தாராவைக் கந்தல் உடையில் யானைமேல் ஏற்றித் தில்லித் தெருக்களில் சுற்றிவந்ததும், மதத்துரோகி எனத் தீர்ப்பு வாங்கிக் கொன்றதும் அந்த மறுப்பின் தொடர்ச்சி.

கடைசித் தம்பி முராதின் முடிவு இன்னும் நுட்பமானது. 1657-இல் முராத் தன் திவான் அலி நக்கியைத் தன் கையாலேயே கொன்றிருந்தார். 1661-இல் ஔரங்கசீப்பின் கைதியாகக் குவாலியர் கோட்டைச் சிறையில் இருந்த அவர்மேல் அந்தப் பழைய கொலை வழக்கானது. இரத்தத்துக்கு இரத்தம் கோரும் உரிமை கொலையுண்டவரின் மக்களுக்கு. அலி நக்கியின் மூத்த மகன் கோர மறுத்துவிட்டார். இளைய மகன் கோரினார். முராதின் தலை வீழ்ந்தது. இவர்கள் இருவரும் ஒரே தந்தையை ஒரே கொலையில் இழந்தவர்கள், ஒரே பேரரசரின் ஆட்சியில் வாழ்ந்தவர்கள். மூத்தவரின் பால்யத்தைப் பற்றி எந்தக் கதையும் நமக்கு வந்துசேரவில்லை. மறுக்க அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.