வரைபடமும் வாய்ச்சியும்: மரக்கல மாதிரிகள் உணர்த்தும் தமிழ்க் கடலோர வரலாறு

முன்னுரை

திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக் கடற்கரைக்கும் இடையே 100 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவு உண்டு. மலையடிவாரத்து வேங்கிக்காலில் வாழ்வோர்க்குக் கப்பல் என்பது பெரிதும் நூல்வழி அறிந்த பொருளே. எனினும் கார்த்திகைப் பெருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிகளில் உருளும் மரத்தேரும், தீபத்திற்குப் பின்வரும் நாள்களில் ஐயங்குளத்தில் மிதக்கும் தெப்பமும் இவ்வூரார் கண்ணுக்குப் பழகியவை. தேரும் மரக்கலமும் தச்சன் கையில் பிறந்த உடன்பிறப்புகள். ஒன்று நிலத்தின் அதிர்வைத் தாங்க வேண்டும். மற்றொன்று நீரின் அலைவைத் தாங்க வேண்டும். இரண்டுமே தாளில் எழுதிய படத்தினும் மனத்தில் பதிந்த அளவுகளையே நெடுங்காலம் நம்பி வந்தவை.

தேர் இன்றும் ஓடுகிறது. ஆதலால் தேர்த்தச்சும் ஓரளவு வாழ்கிறது. கலத்தச்சின் நிலை அத்தகையதன்று. பாய் விரித்த தமிழ்க் கலங்களின் வடிவை இன்று அறிய விரும்புவோர் இரண்டு சான்றுகளையே பெரிதும் நாட வேண்டியுள்ளது. ஒன்று வரைபடம், மற்றொன்று அதனைப் பார்த்துக் கைக்கருவிகளால் செய்யப்படும் சிறு மர மாதிரி. இவ்விரண்டும் எதைக் காத்தன, எதைக் காக்க இயலவில்லை என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணக்கில் வாழ்ந்த கலம்

அம்பி, ஓடம், தோணி, திமில், பஃறி, வங்கம், நாவாய் எனச் சங்க இலக்கியம் கலங்களுக்கு வழங்கும் பெயர்கள் பல. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த 'எரித்திரியக் கடற் பெரிப்ளூசு' சோழமண்டலக் கரையில் இயங்கிய கலங்களை வகைப்படுத்துகிறது. ஒற்றை மரங்களைப் பிணைத்த 'சங்கரா' என்னும் கலங்களையும், கங்கைக்கும் பொன்னாட்டிற்கும் சென்ற 'கொலாண்டியா' என்னும் பெருங்கலங்களையும் அந்நூல் குறிக்கிறது. சாதவாகனர் வெளியிட்ட காசுகளில் இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறிக்கப்பட்டுள்ளது. அழகன்குளம் அகழாய்வில் கப்பல் உருவம் கீறிய பானையோடு கிடைத்தது. இவை யாவும் கலத்தின் தோற்றத்தைக் காட்டுகின்றன. அதனைக் கட்டிய முறையைக் காட்டுவன அல்ல.

கட்டும் முறையைப் பேசும் தமிழ் நூல்களுள் குறிப்பிடத்தக்கது 'கப்பல் சாத்திரம்'. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் இதனை அச்சேற்றியது, பதிப்பித்தவர் தி. பொ. பழனியப்ப பிள்ளை. கலத்திற்குரிய மரத்தின் குணமும் குற்றமும், உறுப்புகளின் அளவும், வேலை தொடங்கத்தக்க நாளும் பொழுதும் இந்நூலில் கலந்து வருகின்றன. அளவையும் சகுனத்தையும் ஒரே இடத்தில் காணும் இக்காலத்தவர் இதனை நம்பிக்கை நூல் என்று ஒதுக்கிவிடக்கூடும். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. மரத்தின் கணுவும் துளையும் தீய பலன் தரும் என்று சொல்லும்போது, கடலில் பிளக்கக்கூடிய மரத்தை விலக்கும் பட்டறிவும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இந்நூல் செய்யுள் நடையைக் கைக்கொண்டமை கவிஞர்கள் கருதத்தக்க செய்தி. ஓர் உறுப்பின் அளவு தெரிந்தால் அதற்கு ஏற்ற விகிதத்தில் மற்றவற்றின் அளவைத் தச்சன் கண்டுகொள்வான். அந்த விகிதத்தை மறவாமல் காப்பதற்கு ஓசை துணை நின்றது. பிற நாடுகளில் தாள் செய்த வேலையை இங்கே யாப்பு செய்தது எனலாம்.

வரைபடத்தின் வருகை

மேலை நாட்டிலும் கப்பல் வரைபடம் மிகப் பழமையானதன்று. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயக் கப்பல் தச்சரான மாத்யூ பேக்கர் வரைந்தவை அந்நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய கப்பல் வரைபடங்களுள் அடங்கும். அதற்குப் பின்னரும் வரைபடத்தை விட மரமே பல தச்சர்க்கு எளிதாயிருந்தது. அமெரிக்கக் கரையில் தச்சர்கள் கலத்தின் ஒரு பாதியை மட்டும் சிறு மரத்துண்டில் செதுக்கி, அதனை அளந்து முழுக்கலத்தைக் கட்டினர். அங்கே மாதிரிதான் முன்னது, படம் பின்னது.

வரைபடம் மூன்று தோற்றங்களால் அமைவது. பக்கவாட்டுத் தோற்றம் கலத்தின் நீளத்தையும் அணியத்தின் வளைவையும் காட்டும். மேல்தோற்றம் அகலத்தைக் காட்டும். குறுக்குவெட்டுத் தோற்றம் வயிற்றின் பருமனைக் காட்டும். ஓர் அடியைக் கால் அங்குலமாகக் குறுக்கும் முறை, அதாவது 48இல் ஒரு பங்காகச் செய்யும் முறை, மாதிரி செய்வோரிடையே பெருவழக்காக உள்ளது.

வல்வெட்டித்துறைத் தமிழ்த்தச்சர் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதனை விலைக்கு வாங்கினார். 'புளோரன்சு சி. ராபின்சன்' என்னும் புதுப்பெயரோடு, யாழ்ப்பாணத்து மாலுமிகளுடன், 1938 ஆகத்தில் அது மாசசூசெட்சு மாநிலத்துக் குளோசுடர் துறைமுகத்தை அடைந்தது. அதன் நீளம் 89 அடி. மேற்சொன்ன அளவில் குறுக்கினால் 22 அங்குலத்திற்குச் சற்று மிகுதியாகும். ஒருவர் மேசையில் அடங்கிவிடும். ஓர் அங்குலக் கனமுள்ள பலகையோ அரை மில்லிமீட்டர் இழையாக மெலிந்துவிடும்.

இத்தகைய மாதிரிக்குப் பெரும் பொறிகள் வேண்டுவதில்லை. கூரிய கத்தி, சிற்றுளி, இழைப்புளி, நுண்பல் வாள், அரம், கைத்துரப்பணம், உப்புத்தாள் ஆகியவை போதும். மெல்லிய பலகையை நீரில் ஊறவைத்தும் சூடு காட்டியும் வளைக்க வேண்டும். வாய்ச்சியால் பெருமரத்தைச் செதுக்கியவனின் பொறுமையே சிற்றுளி பிடிப்பவனுக்கும் தேவைப்படுகிறது.

அயலார் வரைந்த தமிழ்க் கலங்கள்

தமிழ்க் கரையின் கலங்களை முறையான அளவுகளோடு வரைந்து அச்சில் தந்தோருள் முதன்மையானவர் பிரான்சுவா எட்மண்ட் பாரிஸ் (1806 - 1893) என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1826க்கும் 1840க்கும் இடையே மூன்று முறை உலகைக் கடல்வழி சுற்றியவர் இவர். 'பவோரித்' என்னும் கப்பலில் வந்த இரண்டாம் செலவின்போது, 1830இல் சோழமண்டலக் கரையைக் கண்டார். செல்லுமிடமெல்லாம் அயல்மக்களின் படகுகளை அளந்து வரைந்த அவர், 1841 முதல் 1843 வரையிலான காலத்தில் ஐரோப்பியரல்லாத மக்களின் கலக்கட்டுமானம் குறித்த பெருநூலை வெளியிட்டார். கட்டுமரமும் சலங்கும் தோணியும் அந்நூலில் இடம்பெற்றன. பிரெஞ்சுக்காரர் 'செலாங்கு' என்று ஒலித்த சொல் தமிழின் சலங்கே.

பாரிஸ் 1871இல் லூவர் மாளிகையில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றார். தாம் இளமையில் வரைந்த படங்களைக் கொண்டே அங்குள்ள பட்டறையில் மர மாதிரிகளைச் செய்வித்தார். சோழமண்டலக் கரையில் அளந்த கோடுகள் இவ்வாறு நாற்பதாண்டு கழித்துச் சேன் ஆற்றங்கரையில் மீண்டும் மரமாயின. கரையில் இருந்த கலங்கள் மட்கிப் போயின. தாளும் மாதிரியும் எஞ்சின. பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றிய ஆய்வை 1920இல் வெளியிட்டு இப்பணியைத் தொடர்ந்தார்.

இவர்களுக்குத் தமிழுலகம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ஆயினும் அவர்கள் தந்தது முழுமையன்று என்பதையும் உணர்தல் வேண்டும்.

என்பு முந்தியதா, தோல் முந்தியதா?

சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில், தொலைவில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆளையும் பொருளையும் அலை கடந்து கரை சேர்த்தது மசூலா எனப்பட்ட சலங்கு. அதன் பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல. தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. அதனுள் வங்கு என்னும் விலாச்சட்டங்கள் இல்லை. ஆதலால் பேரலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுத்தது. விறைத்த ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் தகர்ந்த இடத்தில் நெளிவே அதன் வலிமையாயிற்று.

வரைபடம் பார்த்து மாதிரி செய்யும் இக்கால முறை பெரும்பாலும் ஐரோப்பியக் கப்பலின் முறை. முதலில் ஏரா எனப்படும் அடிமரம், அதன்மேல் வங்குகள், பின்னரே பலகை. என்பைக் கட்டித் தோலைப் போர்த்துவது போன்றது இது. தைத்த கலத்திலோ பலகை பலகையாக உடல் எழும்பும். விலாச்சட்டம் உள்ள தையற் கலங்களிலும் உடல் உருவான பின்னரே அது உள்ளே பொருத்தப்படும். தோலே அங்கு முந்தியது.

எனவே ஒருவர் பாரிஸ் தந்த கோடுகளைப் பிசகாமல் பின்பற்றி, உள்ளே வங்கு நிறுத்திச் சலங்கின் மாதிரியைச் செய்தால், வெளித்தோற்றம் சரியாகவே அமையும்; ஆனால் அது சலங்கு ஆகாது. எந்த நெளிவுக்காக அக்கலம் பிறந்ததோ அந்த நெளிவு அதில் இராது. கயிற்றை எவ்வளவு இறுக்குவது, தையலின் கீழ் நாரை எவ்வளவு திணிப்பது, எப்பலகையை முதலில் வளைப்பது ஆகியவற்றைக் கோடு சொல்லாது. வடிவம் தாளுக்கு வரும். வரிசை தாளுக்கு எளிதில் வருவதில்லை. செய்யுளின் சீரும் தளையும் எழுதிக் காட்டப்படலாம். அது பாடப்பட்ட பண்ணை ஏட்டில் மட்டும் தேடினால் கிட்டாது. கலத்தின் நிலையும் அத்தகையதே.

மாதிரி செய்த துணை

தாளுக்கும் கைக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியை மாதிரி நிரப்பிய சான்றுகளும் உண்டு. சாவகத்துப் பொரோபுதூர்ச் சிற்பங்களில் காணும் கப்பலை மீண்டும் கட்ட வேண்டும் என்னும் கனவு பிலிப் பீல் என்பவர்க்கு 1982இல் தோன்றியது. கடற்கல வல்லுநர் நிக் பர்னிங்காம் சிற்பத்தை ஆராய்ந்து மெல்லிய மரத்தால் ஒரு மாதிரி செய்தார். காங்கியான் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த முதுதச்சர் அசாத் அப்துல்லா அல்-மதானி பெரும்பாலும் அம்மாதிரியையே துணைக்கொண்டு கலத்தைக் கட்டி முடித்தார். 'சமுத்திர ரட்சா' எனப் பெயர்பெற்ற அது 2003 ஆகத்தில் சகார்த்தாவிலிருந்து புறப்பட்டு 2004 பிப்ரவரியில் ஆப்பிரிக்காவின் அக்ரா நகரை அடைந்தது. தச்சர் கண்ணும் கையும் மரத்தோடு பேசின. மரமே அவர்க்கு வரைபடமாயிற்று.

இந்தியக் கடற்படை 2025 மே மாதத்தில் ஏற்றுக்கொண்ட 'கௌண்டின்யா' என்னும் தையற்கப்பலும் இவ்வழிப்பட்டது. அதற்கு மூலம் ஐந்தாம் நூற்றாண்டு அசந்தா ஓவியம் ஒன்றே. பழைய வரைபடம் எதுவும் இல்லாமையால் ஓவியத்திலிருந்து வடிவம் உய்த்துணரப்பட்டது. அவ்வடிவம் நீரில் இயங்கும் திறம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் துணையோடு சோதிக்கப்பட்டது. பலகைகளைக் கயிற்றால் தைத்தவர்கள் பாபு சங்கரன் தலைமையிலான கேரளக் கைவினைஞர்கள். கணக்கு ஒருபுறமும் கை ஒருபுறமும் நின்றமையால் அக்கலம் உருப்பெற்றது. தையல் அறிந்த கைகள் அற்றுப் போயிருந்தால் கணக்கு மட்டும் அதனைக் கட்டியிராது.

முடிவுரை

தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துச் சென்ற காலம் முடிந்து, பொறி பூட்டிய காலம் வந்தது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் பெருகக் கட்டுமரம் அருகியது. உயிர் காக்கவும் உழைப்பைக் குறைக்கவும் வந்த மாற்றத்தை மீனவர் மேல் குறையாகச் சுமத்துதல் அறமன்று. பழங்கலத்தைக் காக்கும் கடமை கடலோரத்தார்க்கு மட்டும் உரியதன்று. அதன் பெயர்களைப் பாட்டில் வைத்துப் போற்றிய புலமை மரபுக்கும் உரியது.

ஏரா, வங்கு, பருமல், அணியம், கலப்பற்று முதலிய சொற்கள் அகராதியில் உள்ளன. அவற்றுள் எது எவ்வுறுப்பைச் சுட்டுகிறது என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய முதியோர் சிலரேனும் வாழும்போதே மாதிரிகள் செய்யப்பட வேண்டும். படத்தைப் பார்த்து இளைஞர் செதுக்க, அருகிருந்து முதுதச்சர் திருத்த, ஒவ்வோர் உறுப்பின் பெயரும் அது பொருத்தப்படும் வரிசையும் உடனுக்குடன் எழுதப்படுமானால், மாதிரி காட்சிப்பொருள் என்னும் நிலை கடந்து அகராதியாகவும் இலக்கணமாகவும் பயன்படும். பள்ளிகளும் தமிழ் அமைப்புகளும் கையாளக்கூடிய சிறுசெலவுப் பணியே இது. சங்கப் பாடல்களில் வரும் திமிலையும் அம்பியையும் உரை நோக்கிப் பொருள் கொள்ளும் மாணவர், ஒரு சிறு தோணியையேனும் கையால் இழைத்துப் பார்ப்பாராயின் அச்சொற்களின் எடையை வேறு விதமாக அறிவர்.