வானத்தைத் தேடியவர்

வானத்து நட்சத்திரங்களை எண்ண முடியாது என்பார்கள் பாட்டிமார்கள். எண்ணுவது கிடக்கட்டும், எண்ணி எழுதி வைத்த கணக்கிலிருந்து வேண்டியதைத் தேடி எடுப்பது எப்படி? அதற்கு வழி செய்த ஓர் அமெரிக்கரின் வாழ்க்கை, கதை எழுதிப் பிழைக்கும் என் மனத்தை விட்டு அகலவே இல்லை. அவர் பெயர் ஜிம் கிரே.

அவர் வான சாஸ்திரி அல்லர், கம்ப்யூட்டர் நிபுணர். பாங்கியில் ஒருவர் கணக்கில் கழித்த பணம் மற்றவர் கணக்கில் சேராமல் நடுவழியில் மாயமாகிவிடக் கூடாது அல்லவா? அந்த ஒழுங்கைக் கம்ப்யூட்டருக்குக் கற்பித்தவர்களில் அவர் முக்கியமானவர். அதற்காக 1998-இல் டூரிங் பரிசு பெற்றார்.

2000-ஆம் ஆண்டில் நியூ மெக்ஸிகோ மலையொன்றில், 2.5 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 'ஸ்லோன்' வான அளவைப் பணி தொடங்கிற்று. விவரங்கள் மலைபோல் குவியும் என்பது தெரிந்ததே. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த அலெக்ஸ் சலாய், கிரேயுடன் கை கோத்தார். கிரே கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்கு மிகவும் வேண்டிய இருபது கேள்விகள் எவை?" அவற்றுக்கு விடை கிடைக்கும்படி களஞ்சியத்தை அடுக்கினார்கள். 2001-இல் அது 'ஸ்கைசர்வர்' என்ற பெயரில் இணையத்தில் சகலருக்கும் திறந்துவிடப்பட்டது.

அதைவிடக் கடினமான வேலை, பல களஞ்சியங்களை ஒன்று சேர்ப்பது. ஒரே ஆசாமிக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருப்பதில்லையா? நட்சத்திரங்கள் விஷயமும் அப்படித்தான். ஒளியில் பார்த்தவர் ஒரு பெயர் வைக்கிறார். ரேடியோ அலையில் பார்த்தவர் வேறொன்று. எக்ஸ்-ரேயில் பார்த்தவர் இன்னொன்று. இருக்கும் இடத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணவேண்டும். அந்த இடக் கணக்கிலும் சிறு பிழை உண்டு. அந்தப் பிழைக்கும் இடம் விட்டு, இவர்தாம் அவர் என்று பொருத்திப் பார்க்கும் ஏற்பாட்டில் கிரே முனைந்தார். வானத்து விவரங்களுக்குக் காசு மதிப்பில்லை. ஆகையால்தான் அவற்றோடு உழைக்கப் பிடிக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வாராம்.

2007 ஜனவரி 28 அன்று, தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக, ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து பாய்மரப் படகில் தனியாகப் புறப்பட்டார். வயது 63. அவர் திரும்பவில்லை.

கடலோரக் காவல் படை தேடிற்று. நண்பர்கள் துணைக்கோள்களைக் கொண்டு கடலைப் படமெடுக்கச் செய்தார்கள். படங்கள் துண்டு துண்டாக இணையத்தில் போடப்பட்டன. முகமறியாத ஆயிரக்கணக்கானோர் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியையும் உற்றுப் பார்த்தார்கள்: இது அலையா, மேகமா, படகா? பலன் இல்லை. 2012-இல் அவர் இறந்தவராகச் சட்டப்படி கருதப்பட்டார்.

அதே 2007-ஆம் ஆண்டு ஜூலையில், ஸ்லோன் படங்களைப் பொதுமக்களிடம் காட்டி, நட்சத்திர மண்டலங்களை இனம் பிரிக்கச் சொல்லும் 'காலக்ஸி ஜூ' தொடங்கியது. ஹானி வான் ஆர்க்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, நிபுணர் எவரும் கவனியாத விசித்திரமான ஒளித் திட்டொன்றை அதில் கண்டுபிடித்தார்.

அங்கே சாதாரணக் கண்களுக்கு அகப்பட்டது, கடலில் ஏன் அகப்படவில்லை? வானம் முன்பே பதிவாகி இருந்தது. அந்த ஜனவரி நாளின் கடலை யாரும் பதிவு செய்து வைத்திருக்கவில்லை. படமெடுக்க ஆரம்பித்தபோது சில நாட்கள் கடந்துவிட்டன. கோடானுகோடி மைலுக்கு அப்பாலுள்ள ஒளியைத் தேடித் தர வழி செய்தவரை, கரைக்கு அருகிலேயே தொலைத்துவிட்டோம். அவர் அடுக்கித் தந்த களஞ்சியத்தில் மட்டும் இன்றும் யாரோ ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார், விடையும் கிடைக்கிறது.